காலில் ரத்த உறைவு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலின் உள்சிரையில் ரத்தம் உறைந்து, ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்பியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்தப் பக்கம். இதில் வரும் மருந்து அளவுகள், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்யும் பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுபவை. உங்கள் சீட்டில் வேறு அளவு எழுதியிருந்தால் சீட்டில் உள்ளதுதான் கணக்கு.

டாப்ளர் ஸ்கேனில் "ரத்தம் உறைந்திருக்கிறது" என்றார்கள். காலுக்குள் என்ன ஆகியிருக்கிறது?

பாதத்திலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள் சிரைகள். தோலுக்கு அடியில் பச்சையாகத் தெரிபவை மேல்சிரைகள். தசைக்குள் எலும்பை ஒட்டிப் போகிறவை உள்சிரைகள். உங்களுக்கு உறைந்திருப்பது உள்சிரையில். ஸ்கேன் எடுப்பவர் கருவியைத் தொடையிலும் முழங்காலின் பின்புறமும் வைத்து அழுத்திப் பார்த்திருப்பார். நல்ல சிரை அழுத்தினால் தட்டையாகிவிடும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அமுங்காது. ரிப்போர்ட்டில் "நான் கம்ப்ரெசிபிள்" என்று எழுதுவது இதைத்தான்.

எந்தச் சிரை என்பதும் முக்கியம். கெண்டைக்காலுக்குள் மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு. முழங்காலின் பின்புறம் (பாப்ளிட்டியல்), தொடை (ஃபெமரல்), இடுப்பு (இலியாக்) என்று மேலே ஏற ஏற, துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பும் ஏறும். ஒரு எச்சரிக்கை: பழைய பாணி ரிப்போர்ட்டில் "சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் வெயின்" என்று இருந்தால், பெயரைப் பார்த்து மேல்சிரைதானே என்று விட்டுவிடாதீர்கள். அது தொடையின் உள்சிரை. முழு மருத்துவம் தேவை.

இடது காலில்தான் அதிகம் வருகிறது. இடது இடுப்புச் சிரையின் குறுக்கே வலது பக்கத் தமனி அழுத்திக்கொண்டு போவதுதான் காரணம். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் அதிகமாகத் தெரியும்.

கால் வீக்கம் என்றால் யானைக்கால், சுளுக்கு, வெரிகோஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

வெறும் கண்ணால் உறுதியாகப் பிரிக்க முடியாது, டாக்டராலும் முடியாது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய சமயங்கள் உண்டு. ஒரே காலில் மட்டும் சில நாட்களில் வந்த வீக்கம், கெண்டைச் சதையில் வலி, தொட்டால் சூடு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, தையல் டேப்பால் இரண்டு கால்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அண்மையில் ஆபரேஷன், எலும்பு முறிவு, பிரசவம், நீண்ட படுக்கை, புற்றுநோய், கருத்தடை மாத்திரை இவற்றில் ஏதேனும் இருந்தால், டேப் குறைவாகக் காட்டினாலும் போக வேண்டும்.

யானைக்கால் வீக்கம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. நேற்றுவரை சரியாக இருந்த கால் இன்று வீங்கினால் அந்தப் பெயரைச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா? சுளுக்கு எடுப்பவரிடம் காட்டலாமா?

கூடாது. முதல் சில வாரங்களில் உறைவு சிரைச் சுவரோடு இன்னும் சரியாக ஒட்டியிருக்காது. கீழிருந்து மேலாக அழுத்தி உருவினால் துண்டு பெயர வழியுண்டு. குளிக்கும்போது கை வைத்துச் சோப்பு போடுவதெல்லாம் ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம், காரணமில்லாத படபடப்பு. இவை உறைவின் துண்டு நுரையீரலில் போய் அடைத்ததன் அடையாளங்களாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். "காலில் ரத்தம் உறைந்து மருந்து சாப்பிடுகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாயுத் தொல்லை என்று நினைத்து வீட்டில் கழிக்கும் நேரம்தான் இதில் ஆளைக் கொல்வது.

கால் நீலம் பாய்ந்து, கல்லாக இறுகி, தாங்க முடியாமல் வலித்தாலும் அதே அவசரம்தான்.

மாத்திரை அந்தக் கட்டியைக் கரைத்துவிடுமா?

கரைக்காது. புதிதாக உறைவதையும் இருப்பது வளர்வதையும் தடுக்கும். கரைக்கும் வேலையை உடம்பே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்துகொள்ளும். சிலருக்கு முழுவதும் கரையும். பலருக்குத் தழும்பு போல ஒரு பகுதி தங்கிவிடும். எனவே மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் "பழைய உறைவு" என்று வந்தால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று பொருள் அல்ல. ஊசி மூலம் கரைக்கும் மருந்து தனியாக இருக்கிறது. ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் என்பதால் கால் பறிபோகும் நிலை, ரத்த அழுத்தம் சரியும் அளவுக்கு நுரையீரல் அடைப்பு போன்ற நேரங்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு மாத்திரை. என்ன வித்தியாசம்?

இரண்டு குடும்பங்கள். பழைய குடும்பம்: வார்ஃபரின் (வார்ஃப்), அசெனோகூமரால் (அசிட்ரோம்). வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் செய்யும் உறைவுப் புரதங்களைக் குறைப்பவை. வேலை தொடங்கவே சில நாள் ஆகும். தொடக்கத்தில் உறைவைத் தடுக்கும் நல்ல புரதமும் சேர்ந்து குறைவதால், இவற்றை மட்டும் கொடுத்தால் ஆரம்பத்தில் உறைவு கூடவே செய்யலாம். அதனால்தான் ஹெப்பாரின் வகை ஊசியைக் குறைந்தது 5 நாள் சேர்த்துப் போட்டு, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) 2-ஐத் தொட்டு ஒரு நாள் நின்ற பிறகு ஊசியை நிறுத்துகிறார்கள். "மாத்திரைதான் ஆரம்பித்தாயிற்றே, ஊசி எதற்கு" என்று மூன்றாம் நாளே வீட்டுக்குப் போகக் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிய குடும்பம்: ரிவரோக்சபான் (சரெல்டோ), அபிக்சபான் (எலிகுவிஸ்), டாபிகாட்ரான் (பிரடாக்சா). போட்ட சில மணி நேரத்தில் வேலை செய்யும். ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். ரிவரோக்சபான் முதல் 21 நாள் 15 மி.கி. காலை, இரவு, 22-ஆம் நாளிலிருந்து 20 மி.கி. தினம் ஒரு வேளை. அபிக்சபான் முதல் 7 நாள் 10 மி.கி. இரு வேளை, பிறகு 5 மி.கி. இரு வேளை. டாபிகாட்ரானுக்கு முன்பு 5 நாளாவது ஊசி போட வேண்டும்; பிறகு 150 மி.கி. இரு வேளை.

அளவு மாறும் அந்த நாளில்தான் தவறு நடக்கிறது. 22-ஆம் நாள் வந்தும் 15 மி.கி. அட்டையையே இரு வேளை தொடர்பவர்கள் உண்டு. எட்டாம் நாள் அபிக்சபானைக் குறைக்க மறப்பவர்களும் உண்டு. மாத்திரை தொடங்கும் அன்றே நாட்காட்டியில் மாற்ற வேண்டிய தேதியைச் சுழித்து வையுங்கள். புது அளவுக்கான அட்டையை மூன்று நாள் முன்பே வாங்கிவிடுங்கள்.

புதியதுதான் எல்லோருக்கும் மேல் என்றும் இல்லை. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கும், ஆன்டிஃபாஸ்ஃபோலிபிட் என்ற கோளாறு ரத்தப் பரிசோதனையில் வலுவாகத் தெரிந்தவர்களுக்கும் பழைய மாத்திரையே பாதுகாப்பு. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் பெரும்பாலும் அதுதான்.

வார்ஃபரினும் அசெனோகூமராலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமம் அல்ல. ஒன்று இல்லை என்று மெடிக்கல் ஷாப்பில் மற்றதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரே மருந்து 1, 2, 3, 4 மி.கி. என்று பல அளவுகளில் வருகிறது. அட்டையில் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். நிறத்தையோ வடிவத்தையோ நம்ப வேண்டாம்.

வீட்டில் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எப்படி?

ஹெப்பாரின் வகை ஊசியான எனாக்சபாரின் (க்ளெக்சேன்) மருந்து நிரப்பிய சிரிஞ்சாகவே வரும். வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. 60 கிலோ உள்ளவருக்கு 60 மி.கி.

கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சாய்ந்து உட்கார்ந்து, தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி வயிற்றின் பக்கவாட்டில் இடம் பாருங்கள். காலையில் வலப்பக்கம் என்றால் இரவில் இடப்பக்கம். சிரிஞ்சுக்குள் தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்றாதீர்கள். முழு சிரிஞ்சும் போடும்போது அந்தக் குமிழிதான் கடைசிச் சொட்டு மருந்தை உள்ளே தள்ளுகிறது. தோலை இரு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராக, முழு நீளமும் இறக்குங்கள். மெதுவாக அழுத்தி, எடுத்த பிறகு மடிப்பை விடுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்ப்பதால்தான் வயிறு முழுக்க நீலத் திட்டு. சின்னத் திட்டு எப்படியும் வரும்.

சிரிஞ்சுகளை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வெயில் படும் ஜன்னலோரமும் பைக் பெட்டியும் வேண்டாம். ஊசி ஒரு வாரத்தைத் தாண்டினால் ஒரு முறையாவது ப்ளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை பார்க்கச் சொல்வார்கள். சிலருக்கு ஹெப்பாரின் அதைக் குறைத்துவிடும்.

ரிவரோக்சபானைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டுமா? விரதம், நோன்பு இருந்தால்?

15, 20 மி.கி. அளவுகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் 20 மி.கி. போட்டால் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது; நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதோடு போடுங்கள். ஏகாதசி போன்ற முழு விரத நாளிலும் மாத்திரையை விடக்கூடாது. விரதம் முடித்துச் சாப்பிடும் வேளைக்கு மாற்றுவதைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரமலான் நோன்புக்கு, தினம் ஒரு வேளை என்ற கட்டத்துக்கு வந்தவர்கள் இஃப்தார் உணவோடு போடலாம். முதல் 21 நாள் இரு வேளைக் கட்டத்தில் இருப்பவர்கள் நோன்பைப் பற்றி டாக்டரிடம் பேசியே முடிவெடுக்க வேண்டும்.

அபிக்சபானுக்குச் சாப்பாடு கட்டாயமில்லை. டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைத் திறக்கவோ மெல்லவோ கூடாது; மருந்து அளவுக்கு மீறி ஏறும். ஈரம் பட்டால் கெடும் என்பதால் மாத்திரை டப்பாவுக்கு மாற்றாமல் அதன் உறையிலேயே வையுங்கள். நெஞ்செரிச்சல் தரும் மருந்தும் இதுதான். ஒரு டம்ளர் தண்ணீர் முழுதும் குடியுங்கள்.

ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும்? ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பரிசோதனை. காலில் உறைவுக்கு இலக்கு 2 முதல் 3. தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை, நிலையானதும் நான்கு வாரத்துக்கு ஒரு முறை. மருந்து மாறினால், காய்ச்சல் வந்தால், வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் தேதிக்குக் காத்திருக்காமல் பார்க்க வேண்டும்.

திடீரென்று பொருந்தாத எண் வந்தால் ரத்தம் எடுத்த விதத்தையும் சந்தேகப்படலாம். நீல மூடிக் குழாயில் ஏற்கெனவே சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் என்ற கணக்கு. கோடு வரை நிரப்பாமல் பாதிக் குழாய் எடுத்தால் எண் பொய்யாக உயரும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

டாக்டர்கள் அளவை வாரக் கணக்கில் மாற்றுவார்கள். "திங்கள், புதன், வெள்ளி 3 மி.கி., மற்ற நாள் 2 மி.கி." என்றால் வாரத்துக்கு 17 மி.கி. அதை 5 முதல் 20 சதவீதம் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். மாற்றிய அளவின் முழு விளைவு தெரிய ஒரு வாரம் ஆகலாம் என்பதால் மறுநாளே மீண்டும் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஐ.என்.ஆர். 4.5-ஐத் தாண்டி, ரத்தக்கசிவு இல்லையென்றால் பெரும்பாலும் ஓரிரு வேளை நிறுத்தச் சொல்வார்கள். 10-ஐத் தாண்டினால் வைட்டமின் கே கொடுப்பார்கள். கசிவு இருந்தால் எண் எதுவானாலும் ஆஸ்பத்திரி.

மாத்திரையைச் சாயங்காலம் அல்லது இரவில் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்ததும் அன்றைய அளவையே மாற்றலாம்.

கீரையே சாப்பிடக் கூடாதாமே?

யார் சொன்னாலும் தவறு. வார்ஃபரின் வகைக்கு எதிரி கீரை அல்ல, திடீர் மாற்றம்தான். முருங்கைக்கீரை, பசலை, முளைக்கீரை, கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ் இவற்றில் வைட்டமின் கே அதிகம். வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டிப் பொரியல் சாப்பிடுபவர் அப்படியே தொடரட்டும். மாத்திரை அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். கீரையை ஒரேயடியாக நிறுத்தினால் ஐ.என்.ஆர். ஏறும். உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லித் தினம் காலை முருங்கைக்கீரை சூப் குடிக்கத் தொடங்கினால் இறங்கும். சூப்பும் கீரைப் பொடியும்தான் கவனிக்க வேண்டியவை, சாம்பாரில் மிதக்கும் கொத்தமல்லி அல்ல.

கத்தரி, தக்காளி, உருளை, கேரட் போன்றவை பிரச்சினை இல்லை. தினக் குடி எந்த மாத்திரைக்கும் ஆகாது. புதிய மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் கீரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒரு வேளை மறந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வார்ஃபரின், அசெனோகூமரால்: அன்றைக்கே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள் காலையில்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போடாதீர்கள், நோட்டில் எழுதி வையுங்கள். அசெனோகூமரால் உடம்பை விட்டு வேகமாகப் போகும் மருந்து. அதில் ஒரு வேளை விட்டாலும் ஐ.என்.ஆரில் சீக்கிரம் தெரியும்.

ரிவரோக்சபான் முதல் 21 நாள்: உடனே போடுங்கள். அன்றைய கணக்கு 30 மி.கி. ஆக வேண்டும் என்பதால், தேவைப்பட்டால் இரண்டு 15 மி.கி. மாத்திரைகளைச் சேர்த்தே போடலாம். இரட்டிப்பாகப் போடலாம் என்பது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். 20 மி.கி. கட்டத்தில் அன்றைக்குள் நினைவு வந்தால் போடுங்கள். நாள் மாறிவிட்டால் அடுத்த வேளை வழக்கம்போல்.

அபிக்சபான்: அன்றைக்கே நினைவு வந்ததும் போட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் தொடருங்கள். இரட்டிப்பு வேண்டாம்.

புதிய மாத்திரைகளின் வேலை ஒரு நாளில் வடிந்துவிடும். "மாத்திரை தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம்" என்பது இவற்றில் இரண்டு நாள் பாதுகாப்பே இல்லாமல் இருப்பது. செலவு பாரமாக இருந்தால் நிறுத்தாமல், டாக்டரிடம் ஜெனரிக் எழுதித் தரக் கேளுங்கள். மக்கள் மருந்தகத்தில் விசாரியுங்கள்.

மூட்டுவலி, தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் என்ன கேட்டு வாங்கலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ரத்தக்கசிவு வந்து சேர்பவர்களிடம் விசாரித்தால், பல நேரம் உறைவுத் தடுப்பு மாத்திரை சரியான அளவில்தான் இருக்கும். கூடவே சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை இருக்கும்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், டிஸ்பிரின் (ஆஸ்பிரின்) எதுவும் கூடாது. இவை இரைப்பையைப் புண்ணாக்கும், ப்ளேட்லெட்டின் வேலையையும் கெடுக்கும். "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் இவற்றில் ஒன்று இருக்கவே வாய்ப்பு அதிகம். பெயர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள். இதயத்துக்காக டாக்டரே எழுதிய ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தவும் கூடாது. இரண்டும் சேர்ந்து தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.

பாராசிட்டமால் போடலாம். 500 மி.கி. என்றால் நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். வார்ஃபரின் வகை சாப்பிடுபவர்கள் அதையே பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும், பார்க்க வேண்டும்.

தைலத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஊட்டியில் விற்கும் விண்டர்கிரீன் தைலமும் பல வலி நிவாரணத் தைலங்களும் மெத்தில் சாலிசிலேட் கொண்டவை, ஆஸ்பிரினின் உறவு. நெற்றியில் ஒரு பொட்டு தடவினால் ஒன்றுமில்லை. முழங்கால், இடுப்பு எல்லாம் தினம் இரண்டு வேளை அரக்கித் தேய்த்தால் தோல் வழியாக ஏறி, வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆரை உயர்த்தும்.

மற்ற மருந்துகளில்: மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்சசோல், ஃப்ளூக்கோனசோல், அமியோடரோன் ஆகியவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல் கூட அப்படியே. வாயில் தடவுவதுதானே என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் எதிர்த்திசையில் போகும்: பழைய மாத்திரை, புதிய மாத்திரை இரண்டின் வேலையையும் குறைக்கும். காசநோய் மருந்து தொடங்கும் அன்றும் முடிக்கும் அன்றும் உறைவு மருந்து எழுதிய டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

காய்ச்சல் வந்தால்?

மழைக்காலத்தில் டெங்கு நினைவில் இருக்கட்டும். ப்ளேட்லெட் இறங்கும் நேரத்தில் உறைவுத் தடுப்பு மருந்தும் உள்ளே இருந்தால் கசிவு ஆபத்து இரட்டிப்பு. காய்ச்சல் இரண்டாம் நாளுக்குப் போனால் ரத்தம் பாருங்கள். ப்ளேட்லெட் 50,000-க்குக் கீழே போனால் மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்வார். கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட வந்தால் "நான் ப்ளட் தின்னர் சாப்பிடுகிறேன்" என்று தடுத்துச் சொல்லுங்கள். தசைக்குள் ரத்தம் கட்டிவிடும். தடுப்பூசியைக் கையில் மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் 5 நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

சித்தா, ஆயுர்வேத மருந்து, பூண்டு, மஞ்சள்?

சமையலில் போடும் பூண்டும் மஞ்சளும் பிரச்சினை இல்லை. கேப்ஸ்யூலாக வரும் பூண்டுச் சாறு, குர்குமின், ஜின்கோ, மீன் எண்ணெய் அதிக அளவில் வேண்டாம். சூரணம், லேகியம், கஷாயம் எதுவானாலும் பெயரையும் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வார்ஃபரின் வகை என்றால் தொடங்கிய ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பாருங்கள். "ரத்தம் உறையாமல் இருக்க இயற்கை வழி" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு எதையும் குடிக்க ஆரம்பிக்காதீர்கள்.

எந்த ரத்தக்கசிவை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு ஓட வேண்டும்?

பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம், சவரக் கீறல், அங்கங்கே நீலத் திட்டு: வீட்டில் சமாளிக்கலாம். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறுங்கள். வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்காமல் முன்னே சாய்ந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் கிளம்புங்கள்.

தார் போல் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், ரத்த வாந்தி, சிவந்த சிறுநீர், இதுவரை வராத கடும் தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல்: உடனே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், பீட்ரூட்டாலும் சிறுநீர் சிவக்கும். ஆனால் அந்தச் சமாதானத்தை டாக்டர் சொல்லட்டும்.

தலையில் அடி பட்டால், வெளியே காயமே இல்லாமல் நன்றாக நடமாடினாலும், அன்றைக்கே போய்க் காட்டுங்கள். மண்டைக்குள் கசிவு மெதுவாகச் சேரும், சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட்.

பல் பிடுங்க வேண்டும், ஆபரேஷன் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

ஓரிரண்டு பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் வார்ஃபரினை நிறுத்தத் தேவையில்லை. முந்தின நாள் ஐ.என்.ஆர். பார்த்து, 4-க்குக் கீழே இருந்தால் பல் டாக்டர் தையல், பஞ்சு அழுத்தம், ட்ரானெக்சாமிக் அமிலம் கலந்த கொப்பளிப்பு கொண்டு சமாளிப்பார். புதிய மாத்திரை என்றால் அன்று காலை வேளையைத் தள்ளிப் போடச் சொல்லலாம். பெரிய ஆபரேஷனுக்கு வார்ஃபரினை 5 நாள் முன்பும், புதியவற்றைக் கசிவு ஆபத்துக்கேற்ப ஒன்று அல்லது இரண்டு நாள் முன்பும் நிறுத்துவது வழக்கம். சிறுநீரகம் பலவீனமென்றால் இன்னும் முன்பே.

உறைவு வந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், தள்ளிப்போடக் கூடிய ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது. நிறுத்தும் தேதியோடு மீண்டும் தொடங்கும் தேதியையும் எழுதி வாங்குங்கள். நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். தொடங்க வேண்டியது மறந்துபோகும்.

மாதவிலக்கு, கர்ப்பம் பற்றி?

மாதவிலக்கில் போக்கு அதிகமாகலாம், குறிப்பாக ரிவரோக்சபானில். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். மருந்தை மாற்றவும் போக்கைக் குறைக்கவும் வழிகள் உண்டு. ஹீமோகுளோபின் பாருங்கள்.

கோயில் திருவிழா, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று விலக்கைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி. மூன்று வேளை வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் சாதாரணம். உடம்பில் அதன் ஒரு பகுதி, உறைவைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனாக மாறுகிறது. உறைவு வந்தவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் அப்படியே.

வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், குறிப்பாக 6 முதல் 12 வாரத்தில். புதிய மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது. கர்ப்பத்தில் ஹெப்பாரின் வகை ஊசிதான்; அது நஞ்சுக்கொடியைத் தாண்டாது. நாள் தள்ளிப்போனதுமே பரிசோதித்து டாக்டரைப் பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது ஊசியும் வார்ஃபரினும் பாதுகாப்பானவை.

ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை) போட்டே ஆக வேண்டுமா?

முன்பு எல்லோருக்கும் இரண்டு ஆண்டு போடச் சொன்னார்கள். 2014-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், பிற்காலச் சிக்கலை அது தடுப்பதாகத் தெரியவில்லை. இப்போது வீக்கமும் பாரமும் குறைகிறதா என்பதுதான் கேள்வி. குறைந்தால் போடுங்கள். முழங்கால் வரை இருப்பதே போதும். காலையில் வீக்கம் ஏறும் முன், கட்டிலை விட்டு இறங்காமலே, குதிகால் வரை உள்ளே மடித்துப் பாதத்தில் நுழைத்து மேலே ஏற்றுங்கள். மடிப்பு விழக் கூடாது. மடிந்த இடம் கயிறு போல் இறுக்கும். இரவில் கழற்றுங்கள். நம் வெயிலில் வியர்த்துப் புண்ணாகும் என்பதால் இரண்டு ஜோடி வைத்து மாற்றுங்கள். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று காட்டிய பிறகே போட வேண்டும்.

பிற்காலச் சிக்கல் என்பது மாலையில் கால் கனத்தல், வீக்கம், கணுக்காலுக்கு மேல் தோல் கருத்துத் தடித்தல், கடைசியாக ஆறாத புண். அங்கே சொறிவதும் தானாகக் களிம்பு தடவுவதும் வேண்டாம். சின்னக் கீறலும் புண்ணாகிவிடும்.

நடக்கலாமா? பயணம் போகலாமா?

மருந்து தொடங்கியதும் நடக்கலாம், நடக்க வேண்டும். படுக்கையிலேயே கிடப்பது நல்லதல்ல. படுக்கும்போது கால் இதயத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். முதல் சில வாரம் நீண்ட விமானப் பயணத்துக்கு டாக்டரிடம் கேளுங்கள். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்து என்றால் நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கி நடங்கள், உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள்.

வார்ஃபரின் எலி மருந்து என்கிறார்களே?

உண்மைதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில், கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை ஆராய்ந்ததில் தொடங்கிய மருந்து. 1948-இல் எலி மருந்தாக வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி. எலிக்கு அளவில்லாமல், உங்களுக்கு ஐ.என்.ஆர். பார்த்து.

எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்? நிறுத்திய பிறகு திரும்ப வருமா?

யாருக்கும் மூன்று மாதத்துக்குக் குறையாது. ஆபரேஷன், எலும்பு முறிவு போன்ற பெரிய காரணம் இருந்து அது தீர்ந்துவிட்டால் மூன்று மாதத்தோடு பெரும்பாலும் முடியும். காரணமே தெரியாமல் வந்திருந்தால், நிறுத்திய முதல் ஆண்டிலேயே சுமார் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத் திரும்ப வருகிறது. அதனால் பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரச் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து அபிக்சபான் 2.5 மி.கி. இரு வேளை அல்லது ரிவரோக்சபான் 10 மி.கி. ஒரு வேளை என்று குறைக்கவும் கூடும். புற்றுநோய் இருப்பவர்களுக்கு, அது கட்டுக்குள் வரும்வரை. தொடர்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), ஹீமோகுளோபின், கல்லீரல் பரிசோதனை செய்து, இன்னும் தேவைதானா என்று கேட்க வேண்டும்.

வீக்கம் வடிந்தது, வலி போனது என்பது நிறுத்துவதற்கான அடையாளம் அல்ல. அது இரண்டாம் வாரத்திலேயே நடந்துவிடலாம். டாக்டர் நிறுத்திய பின் அதே காலோ மறு காலோ மீண்டும் வீங்கினால் பழைய மாத்திரையை எடுத்துப் போட்டுப் பார்க்காமல் அன்றைக்கே ஸ்கேனுக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இருந்த உறைவு எது, புதியது எது என்று ஒப்பிட்டுச் சொல்ல அது இல்லாமல் முடியாது.